ஏழரைத் தகடு

ஏசுவடியான் வளர்த்த நாயின் பெயர் ஃபியூஸ். சிப்பிப்பாறைக் குட்டி. ஒரு வயது நிறையவில்லை. கால்கள் மட்டும் உடம்பை முந்திக்கொண்டு வளர்ந்துவிட்டன. கோதுமை நிறம், ஒட்டிய வயிறு, சாட்டை மாதிரி வால். வெள்ளை நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்தில் இருந்துகொண்டு இந்த எலும்புக்கூட்டை எதற்கு வாங்கினாய் என்று அவரைக் கேட்காத ஆள் இல்லை. மகள் செலினா நர்சிங் படிக்க மதுரைக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது, அதனால் வாங்கினேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. "ஓடுத வேகத்தப் பாத்தீகளா? த்ரீ ஃபேஸ் மோட்டாரு" என்று சிரித்து வைப்பார்.

அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற தொழில். பத்தாவதில் கணக்கு கைவிட்டபோது மில் தொழிலாளியான அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டார். அங்கே கருகிய காயிலை உருவி, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கற்றுக்கொண்டவர், கல்யாணத்துக்குப் பிறகு சொந்த ஊரில் வீட்டின் முன்பக்கத்தையே கடையாக்கிக்கொண்டார். சேத்தூர், தேவதானம் பக்கமிருந்தெல்லாம் கிணற்று மோட்டார்கள் அவரிடம் வரும். பேச்சு குறைவு. வம்பு என்றால் தெருவின் மறுபக்கமாக நடப்பார். அந்தக் குணத்தை ஊரில் நல்ல குணம் என்கிறார்கள்.

நாய்க்கு அந்தக் குணம் இல்லை. வாயிற்கதவைத் திறந்தால் தெருமுனை வரை ஒரே பாய்ச்சல். போன வேகத்தில் திரும்பி வந்து ஆள்மேல் விழும். சுவரைத் தாண்டும். கொடியில் காய்கிற துணியைக் கிழிக்கும். வீட்டு ஜெபத்துக்கு வந்த பாஸ்டர் ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பினார். தூக்கிப் போவதைத் தின்று தொலைத்தாலும் பரவாயில்லை, ஃபியூஸ் புதைத்துவிடும். தெருவில் எங்கே மண் இளக்கமோ அங்கே முன்கால் இரண்டும் போட்டுத் தோண்டி, உள்ளே வைத்து, மூக்காலேயே மூடிவிட்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு வந்து படுத்துக்கொள்ளும்.

எதிர்வீட்டு சிவனாண்டிக்கு உரக்கடை. அவருடைய நாட்டுக்கோழி ஒன்றை ஃபியூஸ் விரட்டியதில் அது நெஞ்சு வெடித்துச் செத்துப்போனது. அன்று அவர் வாசலில் நின்றுகொண்டு அமைதியாகத்தான் சொன்னார்.

"ஏசுவடியா, நாயக் கட்டிப்போடு. எங் கடையில மருந்துக்குப் பஞ்சமில்ல."

"இனிமே வராது அண்ணாச்சி."

"வந்தா ஒருக்கத்தான் வரும்."

நாயை விரும்பிய ஒரே ஆள் வெள்ளைத்தாய். புருஷன் இறந்தவள். சுப்புராஜ் என்பவருக்குச் சொந்தமான காம்பவுண்டில் கடைசி வீட்டில் தனியாக வாடகைக்கு இருந்தாள். காலையில் காம்பவுண்டு கேட்டருகே இடியாப்பமும் ஆப்பமும் போட்டு விற்பாள். உடைந்த இடியாப்பம் எல்லாம் ஃபியூஸுக்கு. "வாடா மாப்பிள, உங்கய்யா பட்டினி போட்டுத்தான் உன்ன இப்பிடி நூலா வச்சிருக்காரா?" என்பாள். அது அவள் சேலைத்தலைப்பைக் கடித்து இழுத்தால்கூட, "ஏலே, இருக்கிறதே ரெண்டுதாம்லே" என்று சிரிப்பாள்.

தேவதானத்து விவசாயி ஒருவருடைய பழைய ஏழரை எச்.பி. மோட்டார் ரிப்பேருக்கு வந்தது. பெயின்ட் அடிப்பதற்காக அதிலிருந்த பித்தளைப் பெயர்த்தகட்டைக் கழற்றித் திண்டுமேல் வைத்தார் ஏசுவடியான். மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தால் தகட்டைக் காணோம். பக்கத்தில் கிடந்த அறுத்த செம்புக் கம்பியையும் காணோம். ஃபியூஸ் மூக்கில் மண் ஒட்டியிருந்தது.

"எங்கடா பொதச்ச?" என்று அதன் காதைத் திருகினார். அது அவருடைய கையை நக்கியது.

அடுத்த வாரம் சிவனாண்டி வீட்டில் குடிதண்ணீர்க் குழாய்க்குக் குழி வெட்டினார்கள். கேட்டோரத்தில் மண்வெட்டி எதிலோ ணங்கென்று பட்டது. தெரு கூடிவிட்டது. சத்தம் கேட்டு ஏசுவடியானும் போனார், பின்னாலேயே ஃபியூஸ்.

குழியிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்தார்கள்: களிம்பு ஏறிய ஒரு தகடு, அதைச் சுற்றிச் சிக்கிய செம்புக் கம்பி, ஒரு எலும்பு, கிழிந்த ஒரு சேலைத்துண்டு. தகட்டில் எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன. கட்டம் கட்டமாகக் கோடுகள். கட்டத்துக்குள் எண்கள்.

சிவனாண்டியின் மனைவி குருவம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர்களுடைய மகன் விக்னேஷ்வரன் கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் பைக்கிலிருந்து விழுந்து கால் ஒடிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு உள்ளே படுத்திருந்தான்.

"எம் புள்ளைக்கு எவளோ வச்சுட்டாளே" என்றாள் குருவம்மாள்.

ஏசுவடியானுக்குச் சிரிப்பு வந்தது. ஏழரை, நானூற்றுப் பதினைந்து, ஆயிரத்து நானூற்று நாற்பது. குதிரைசக்தி, வோல்ட், நிமிடத்துக்கு இத்தனை சுற்று. விக்னேஷ்வரன் கால் ஒடிந்தபோது இந்த மோட்டார் தேவதானத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தார்.

அப்போது சிவனாண்டி குனிந்து தரையில் எதையோ பார்த்தார். ஃபியூஸ் அவர் காலடியில் நின்று எலும்பை மோந்துகொண்டிருந்தது. சிவனாண்டி அதைக் காலால் ஒதுக்கினார். ஏசுவடியான் வாயை மூடிக்கொண்டார். நாயின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், கோபம் ஆறட்டும் என்று நினைத்தார்.

மறுநாளே கோடாங்கி வந்துவிட்டார். உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர். தகட்டைத் தாம்பாளத்தில் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கட்டத்துக்குள் விரலை ஓட்டினார்.

"ஏழரை போட்டிருக்கு பாத்தியா? ஏழரைச் சனிய எறக்கி விட்டிருக்கு. அடுத்தது ஆயிரத்து நானூத்து நாப்பது. நாளைக்கு முப்பது உரு, ஒரு மண்டலம். பெருக்கிப் பாரு."

யாரோ செல்போனில் பெருக்கிப் பார்த்தார்கள். முப்பதை நாற்பத்தெட்டால் பெருக்கினால் அதே எண் வந்தது. கூட்டம் மூச்சை இழுத்தது. தப்பான கணக்கு சரியான விடை தருவதுபோல மனிதனைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை. கூட்டத்தில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் இருந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கிறவர் இருந்தார். அத்தனை பேரும் தங்கள் வீட்டில் ஓடுகிற மோட்டாரில் இதே மாதிரித் தகடு ஒட்டியிருப்பதை ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

"சேலைத்துணி யாருது?" என்றார் கோடாங்கி.

அது வெள்ளைத்தாயின் சேலை. நீலத்தில் மஞ்சள் பூ. தெருவுக்கே தெரியும், அவள்தான் சொல்லியிருந்தாளே, இருப்பதே இரண்டு என்று.

செய்வினை வைத்ததாக இந்த நாட்டில் பழி சுமந்தவர்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். ஆண் துணை இல்லாதவள், வாடகை வீட்டுக்காரி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் வாய் உள்ளவள். சொந்த வீடும் நாலு அண்ணன் தம்பிகளும் உள்ள எவளும் தகடு புதைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. பேய்க்கும் பிசாசுக்கும்கூட ஆள்பலம் பார்க்கத் தெரிகிறது.

மறுநாள் வெள்ளைத்தாயின் இடியாப்பத்தட்டு முன்னால் ஒருவரும் நிற்கவில்லை. பால்காரர் அவள் வீட்டுக்கு ஊற்றாமல் போனார். பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடவில்லை. ஃபியூஸ் மட்டும் போய் முழு இடியாப்பமாகத் தின்றுவிட்டு வந்தது.

ஏசுவடியானின் மனைவி தேவகிருபை கடையைப் பெருக்கும்போது அந்த மோட்டாரின் முன்னால் நின்றாள். பெயின்ட் அடித்து முடித்திருந்தது. தகடு இருந்த இடத்தில் நாலு ஓட்டை.

"இதுல இருந்த தகடு எங்க?"

அவர் காயில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"உங்களத்தான் கேக்கேன். நம்ம நாய்தான?"

"சத்தம் போடாத."

"அந்தக்கா கேட்டுல நிண்ணு அழுதுக்கிட்டு இருக்காவ. நீங்க சத்தம் போடாதங்கீக."

"சொன்னா நாயக் கொன்னுருவாரு. பொறவு நாம வேதக்காரங்க. அவிய சாமி காரியத்துல நாம தலையிட்டா வேற மாதிரி ஆயிரும்."

"மோட்டாரு தகடு எப்பய்யா சாமி காரியமாச்சு?"

அவர் கையிலிருந்த சுற்று எண்ணிக்கை தவறியது. அவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து சுற்றினார். நாய் மடியில் தலையை வைத்துப் பார்த்தபோது எழுந்து போய்விட்டார். அதன் கழுத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார். கட்டியது மருந்துக்குப் பயந்தா, அது திரும்பவும் தெருவில் போய்த் தோண்டிக் காட்டிவிடும் என்று பயந்தா என்று அவருக்கே தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் எதிர்வீட்டுக் கேட் வரை போனார். ஒவ்வொரு நாளும், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று திரும்பினார். சொல்ல வேண்டியது ஒரு பங்கு என்றால், சொல்லாமல் இருந்தது நாளுக்கு நாள் அதைவிடப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

தெருவில் முடிவு செய்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தெருக்கோயில் முன்னால் வெள்ளைத்தாய் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் காலி பண்ண வேண்டும்.

சனிக்கிழமை அவள் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தட்டில் சூடம் எரிந்தது.

"அணச்சுட்டுப் போ. எங்களுக்கு என்ன, உம்மேல கோவமா?" என்றார் சிவனாண்டி.

"எதுக்கு அணைக்கணும்?"

"மடியில கனமில்லன்னா அணைக்க வேண்டியதுதான?"

"ஒம் மகன் கால் ஒடிஞ்சதுக்கு நான் ஏன் கையச் சுடணும்? சாராயத்தக் குடிச்சுட்டு வண்டி ஓட்டுனான். அவன அணைக்கச் சொல்லு."

கூட்டம் கொதித்தது. யாரோ அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள்.

அந்த நேரத்தில்தான் ஏசுவடியான் கை வண்டியில் மோட்டாரை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. கோயில் திண்டில் மஞ்சள் தடவி வைத்திருந்த தகட்டை எடுத்து வேட்டியில் துடைத்தார். மோட்டாரின் ஓட்டைகள்மேல் வைத்தார். நாலும் நாலுக்கு நேராகப் பொருந்தின. ஒவ்வொன்றாகத் திருகாணி போட்டார்.

"இது என் கடையில இருந்தது. நாய் தூக்கிட்டுப் போயிப் பொதச்சுருச்சு. விக்னேஷு விழுந்தப்ப இந்த மோட்டாரு எங்கிட்ட வரவேயில்ல. ஏழரைன்னா எச்.பி. சனியில்ல."

முடிந்தது என்று அவர் நினைத்தார். விக்னேஷ்வரனின் கூட்டாளி ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். கோடாங்கிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"நாய்தான் கொண்டாந்துச்சு. நான் இல்லேங்கல. அந்த நாய் தெனம் யாரு கையில திங்குது?"

எல்லோரும் வெள்ளைத்தாயைப் பார்த்தார்கள்.

"இதுக்குப் பேருதான் ஏவல். ஆள ஏவத் தெரிஞ்சவளுக்கு ஒரு நாய ஏவத் தெரியாதா?" என்றார்.

"அப்ப என் மகன் கால ஒடிச்ச தகடு இன்னும் உள்ளதான் இருக்கா?" என்று கேட்டாள் குருவம்மாள். மறுநாள் வாசல் முழுக்கத் தோண்டினார்கள். பாஸ்டரின் செருப்பு கிடைத்தது. அதற்கும் கோடாங்கி ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

தகடு கிடைத்த அந்த நிமிடத்திலேயே சொல்லியிருந்தால் தெருவே சிரித்திருக்கும். சிவனாண்டி நாயைத் திட்டியிருப்பார், அதோடு போயிருக்கும். இப்போது அந்த நம்பிக்கையில் பலரும் தங்கள் பங்கைப் போட்டிருந்தார்கள்; பால் ஊற்றாதவர், பிள்ளையை இழுத்து அடித்தவர், தோளைப் பிடித்துத் தள்ளியவர். அவள் குற்றமற்றவள் என்றால் அவர்கள் எல்லோரும் யார்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட ஏவலை நம்புவது எளிது. அந்த எளிய வழியைப் போட்டுக் கொடுத்தது தன் மௌனம்தான் என்று ஏசுவடியானுக்கு அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்காரர் சுப்புராஜ் தனியாகக் கூப்பிட்டார். "எனக்குத் தெரியும்ப்பா, அது மோட்டாரு தகடுதான். எங்கிட்டயே நாலு மோட்டாரு ஓடுது. ஆனா காம்பவுண்டுல மத்த வீட்டுக்காரங்க காலி பண்றேங்கறாங்க. நான் என்ன செய்ய?" உள்ளே திரும்பி மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெள்ளைத்தாய் காலி பண்ணினாள். குட்டி யானை வண்டியில் அடுப்பு, இடியாப்ப உரல், இரண்டு மூட்டை. ஏசுவடியான் மூட்டையைத் தூக்கப் போனார். அவள் தடுக்கவும் இல்லை, முகம் பார்க்கவும் இல்லை. சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்த ஃபியூஸ் வண்டிமேல் தாவி உட்கார்ந்தது.

"அக்கா, இந்த மூதேவி செஞ்ச வேலை…"

"நாயச் சொல்லாத. என்னைக்குத் தெரியும் ஒனக்கு?"

அவர் மூட்டையை வண்டியில் வைத்தார்.

"கேக்கேன்ல. என்னைக்கு?"

"தோண்டி எடுத்த அன்னைக்கே."

அவள் தலையாட்டினாள். தெரிந்ததுதான் என்பது போல இருந்தது. பிறகு, "ஏறு" என்றாள்.

"எங்க?"

"வில்லிபுத்தூருக்கு. எம் மக நாகஜோதி மாமியா வீட்டுக்கு இந்தப் பேச்சு போயிருச்சு. அவள வெளிய உக்கார வச்சுருக்காக, சமையக்கட்டுக்குள்ள விடலையாம். இங்க சொன்னதுல ஒரு புண்ணியமுமில்ல. அங்க வந்து சொல்லு."

தேவகிருபை மோட்டாரிலிருந்து தகட்டைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தாள். அவர் ஏறினார். நாயை இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

வில்லிபுத்தூரில் அந்த மாமியார் வீட்டில் பால்கோவா போடுகிற தொழில். பின்கட்டில் அடுப்புகள் எரிந்தன. சம்பந்தியம்மாள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. ஓரமாக நாகஜோதி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் எழுந்தவள், மாமியாரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

ஏசுவடியான் தகட்டை நீட்டினார். "அம்மா, இது மோட்டாரு தகடு. நான் காயில் கட்டுதவன். எங்க நாய்…"

"அது பெறகு" என்றாள் வெள்ளைத்தாய். "அதுக்கு முன்னால உள்ளதச் சொல்லு."

சம்பந்தியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்கட்டில் பாலைக் கிண்டுகிற கரண்டிச் சத்தம் நின்றது. ஏசுவடியான் தகட்டைக் கீழே இறக்கினார்.

"எனக்கு மொத நாளே தெரியும்" என்று ஆரம்பித்தார். "தெரிஞ்சும் நான் சொல்லல."