நாற்பது தடவை அணைக்கச் சொன்னவர்

1991இல் எங்கள் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையின் சர்வர் தினமும் மதியம் நின்றுபோகும். வாசலில் லாரிகள் வரிசை கட்டும். கேட் வாட்ச்மேன் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் லாரி வரவைப் பதியும் கம்ப்யூட்டர் டெர்மினலை லாக்-அவுட் செய்யாமல் அணைத்ததுதான் காரணம் என்று, நிர்வாக அதிகாரியான நான் கண்டுபிடித்தேன். அவரை வேலையிலிருந்து நீக்கும் மெமோவை, விதிப்படி மூன்று பிரதிகளில், தயாராக வைத்திருந்தேன்.

சர்வரைச் சரிசெய்ய, புரோகிராம் எழுதிக்கொடுத்த சென்னை கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தார். ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி. சி மொழிப் புரோகிராமை அச்சடித்துத் தரையில் நீளமாக விரித்து, "மெமரியை எடுத்தது இங்கே, விட்டது எங்கே?" என்று முணுமுணுத்தபடி வரிவரியாக விரலை ஓட்டுவார். மூன்றாம் நாள் சில வரிகளைத் திருத்திவிட்டு வாட்ச்மேனிடம் போனார்.

"அண்ணே, இதை அணைங்க."

"அணைச்சா வேலை பூடும்னு சார் சொல்லிகினு கீறாரும்மா."

"நான் சொல்றேன், அணைங்க. போட்டுட்டு மறுபடியும் அணைங்க."

அவர் நாற்பது தடவை அணைத்தார். சர்வர் நிற்கவில்லை.

"அவர் அணைச்சதும் மெமரியை விடாம வெச்சிருந்தது எங்க தப்பு சார். அது நிரம்பித்தான் சர்வர் நின்னுது" என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னார். அப்படியே கடிதமாக எழுதியும் கொடுத்தார். மெமோவைக் கிழித்தேன்.

அந்தப் புரோகிராமை எழுதியது அவரல்ல, வேறு யாரோ என்று பின்னால் தெரிந்தது. அவருடைய கடிதத்தை எந்த ஃபைலில் வைப்பது என்று மட்டும் எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.