போட்டோக்கள் தேதியோடு திரும்பி வந்த புதன்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தின் முதல் புதன்கிழமை. காலை பத்து மணி பத்து நிமிடம். இடம், தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவில் நான் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம், எந்தக் கட்டளையையும் கணினியில் தட்டுவதற்கு முன் அதை நோட்டில் நேரத்தோடு எழுதி வைப்பது என் பழக்கம். எங்கள் ஊர் ஆரணியில் என்றைக்கு மழை பெய்தது, என்றைக்கு ஆற்றில் தண்ணீர் வந்தது என்றுகூட எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் இதற்காகக் கேலிதான் கிடைக்கும்.

எங்களிடம் சோதனைக்கென்று மூன்று பழைய கணினிகளை ஒன்றாக இணைத்து வைத்திருந்தோம். அதில் போடும் ஒவ்வொரு கோப்பும் துண்டு துண்டாகி, மூன்றிலும் நகலாகப் பதிந்துவிடும். ஒரு கணினி படுத்தாலும் கோப்பு போகாது. இதே ஏற்பாட்டைப் பெரிய அளவில் செய்யலாமா என்று பார்க்க, இருப்பதை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கச் சொன்னார் மேனேஜர். யாருக்காவது அதில் ஏதாவது வேண்டுமா என்று இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தேன். ஒருவரும் பதில் போடவில்லை.

புதன்கிழமை முதல் கட்டளையைத் தட்டினேன். கோப்புகளைத் திறந்து காட்டும் கோப்பு அமைப்பு அழிந்தது. இனி அதன் அடியில் இருக்கும் இரண்டு கிடங்குகளை அழிக்க வேண்டும். ஒன்றில் கோப்புகளின் பெயர், தேதி, எது எங்கே இருக்கிறது என்ற விவரம். மற்றொன்றில் கோப்புகளின் உள்ளடக்கம். கிடங்கை அழிப்பது சுலபமில்லை. அதன் பெயரை இரண்டு முறை எழுதி, கூடவே 'நிஜமாகவே, நிஜமாகவே இதைத்தான் சொல்கிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் சேர்த்தால்தான் அந்த மென்பொருள் சம்மதிக்கும். சிரித்துக்கொண்டே அந்த நீண்ட வரியை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் பெண் மூச்சு வாங்க வந்து நின்றார். பழவேற்காட்டிலிருந்து தினமும் பஸ் மாறி வருபவர். ஒப்பந்தத் தொழிலாளி.

"இன்னா அண்ணா, என் போட்டோ ஒண்ணுகூட தொறக்க மாட்டேங்குது?"

"டெஸ்ட் மிஷின காலி பண்ணிக்கினு இருக்கேன்மா. அதுல யாரோடதும் இல்லியே."

"யா அல்லா! என்னோடது கீது அண்ணா! எடம் சும்மாதான் கெடக்குது, போட்டுக்கோன்னு நீங்கதான சொன்னீங்க!"

சொல்லியிருந்தேன். மாசி மாதம், கேன்டீனில் டீ குடிக்கும்போது. மழையை எல்லாம் எழுதுபவன் இதை எழுதவில்லை. அவர் அந்த வாட்ஸ்அப் குழுவிலும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களைக் குழுவில் சேர்ப்பது எங்கள் வழக்கமில்லை.

அவை சாதாரணப் படங்களாகவும் இல்லை. நாங்கள் தொகுதி தொகுதியாக அனுப்பும் உதிரிபாகங்களில் ஒரு லாட்டில் விரிசல் இருப்பதாக வாடிக்கையாளர் கம்பெனி திருப்பி அனுப்பியிருந்தது. அந்த லாட்டுக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டவர் இவர். இங்கிருந்து கிளம்பும்போது விரிசல் இல்லை என்பதற்கு, அன்றன்று எடுத்த படங்களும் அவற்றின் தேதியும்தான் சாட்சி. அந்தக் கம்பெனிக்காரர்கள் அன்று மதியம் மூன்று மணிக்கு வருகிறார்கள். காட்ட முடியாவிட்டால் அவருக்கு வேலை இல்லை.

கிடங்குகளை இன்னும் தொடவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். கையேட்டைத் திறந்து படித்தேன். அதே இரண்டு கிடங்குகளைக் கொடுத்து, 'மீட்பு' என்று பொருள்படும் ஒரு சொல்லையும் சேர்த்து உருவாக்கினால், உள்ளே இருப்பதைத் தொடாமல் கோப்பு அமைப்பு மறுபடி எழும் என்றிருந்தது. அந்தச் சொல்லை விட்டுவிட்டால், பழைய விவரத்தின் மேல் புது வெற்று விவரம் எழுதப்பட்டுவிடும். திரும்பத் திரும்பப் படித்தேன்.

"பரீட்சையா அண்ணா எழுதப் போறீங்க? எனக்கு பேஜாரா கீது, சீக்கிரம்!"

"தட்டிடட்டுமாம்மா?"

"என்னக் கேட்டா? நீங்க தட்டுங்க, நான் கண்ண மூடிக்கிறேன்."

தட்டினேன். கொஞ்ச நேரம் திரையில் எந்த அசைவும் இல்லை. மூன்று கணினிகளின் விளக்குகள் மட்டும் விட்டு விட்டு மின்னின. பிறகு, கோப்பு அமைப்பு இயங்குவதாகத் திரையில் ஒரு வரி வந்தது. கோப்புறையைப் பட்டியலிடச் சொன்னேன்.

வரி வரியாக ஓடத் தொடங்கியது. நிற்கவே இல்லை. எட்டு மாதப் படங்கள், ஒவ்வொன்றும் அதனதன் தேதியோடு, நிமிடத்தோடு. அவர் கண்ணைத் திறந்து நம்பாமல் பார்த்தார். பிறகு ஏதோ ஒரு நாளைத் தேடச் சொன்னார்.

"அன்னிக்கு கவரப்பேட்டையாண்ட பஸ்சு நின்னு பூட்ச்சி. லேட்டாத்தான் வந்தேன்... பாருங்கண்ணா, மொத படமே பதினொண்ணு நாப்பது!"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இல்லை என்று நானே ஆக்கிவிட்ட ஒன்று, துண்டு துண்டாக மூன்று பெட்டிகளில் சிதறிக் கிடந்தது. அந்தத் துண்டுகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு, ஒரு காலைத் தாமதத்தைக்கூட மாற்றாமல் திருப்பிக் கொடுத்தன. நாற்பது வருடம் எதையெதையோ படித்தவன். இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

படங்களை உடனே வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்தோம். மூன்று மணிக்கு வந்தவர்கள் அவற்றைத் தேதி வாரியாகப் பார்த்தார்கள். கடைசியில், விரிசல் தங்கள் பக்கத்தில்தான் விழுந்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காலையில் நடந்ததை அந்தப் பெண் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் நானே மேனேஜரிடம் சொன்னேன். "டெஸ்ட் மிஷின்ல எவன்யா அசல வெப்பான்?" என்று கத்தினார். வைக்கச் சொன்னவன் நான்தான் என்றேன். அடுத்த நாள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லோரையும் குழுவில் சேர்த்தோம்.

அந்த மென்பொருளை எழுதியவர்கள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. நாற்பதடி தூரத்தில் உட்கார்ந்து வேலை செய்த பெண்ணை நான் நினைத்துப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே இராத யாரோ ஒருவர், இப்படியும் ஒருவன் அவசரப்படுவான் என்று பல வருடங்களுக்கு முன்பே நினைத்து, திரும்பி வர ஒரு வழியை விட்டு வைத்திருக்கிறார். அதை எண்ணும்போதெல்லாம் இன்றும் எனக்கு வியப்பும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன.