தங்கம் தேடிய கொட்டாங்குச்சி

எங்கள் வீட்டில் முதன்முதலில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான். அதனால் எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இருக்கும் என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. பட்டாவில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார்கள். ஆட்டுக்கு ஏன் வயிறு உப்பியிருக்கிறது என்றும் என்னையே கேட்டார்கள். இரண்டுக்கும் ஒரே தைரியத்தோடு பதில் சொன்னேன்.

அப்போது செஞ்சி கடைத்தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். மெட்ராஸிலிருந்து வந்த சாமான்களைச் சுற்றியிருந்த பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்று கையில் கிடைத்தது. அதில் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டும் மிஷின் ஒன்றைச் செய்யும் முறை போட்டிருந்தார்கள். ஒரு செப்புக் கம்பிச் சுருள், ஒரு டிரான்சிஸ்டர், பக்கத்தில் ஒரு ரேடியோ. சுருளுக்குக் கீழே உலோகம் வந்தால் ரேடியோவில் கேட்கும் விசில் சத்தம் மாறும். அவ்வளவுதான். சுருளுக்கு இரண்டு படங்கள் இருந்தன. அகலமானது, ஆழத்தில் கிடக்கும் பெரிய சாமான்களுக்கு. உள்ளங்கை அளவுள்ளது, பொடிப்பொடியான தங்கத்துக்கு. சின்னது விளையாட்டுச் சாமான் போல இருந்ததால் அந்தப் பக்கத்தை நான் படிக்கவேயில்லை.

எங்கள் ஊரில் மழை விட்டதும் ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் தலையைக் குனிந்தபடி நடப்பவர்கள் உண்டு. ராஜா காலத்துப் பொன் காசு, மிளகளவு, தண்ணீரோடு இறங்கி வரும் என்பார்கள். கிடைத்தவரை நான் பார்த்ததில்லை. கிடைத்தவரைப் பார்த்தவரைப் பார்த்திருக்கிறேன். என் மிஷினுக்கு அது போதுமான ஆதாரமாக இருந்தது. அம்மா கடலை சலிக்கும் பெரிய சல்லடையின் சட்டத்தைக் கழற்றி அதில் கம்பியைச் சுற்றினேன். அந்த ஐப்பசி முழுக்க அடிவாரத்தில் அலைந்து மாட்டு லாடங்களும், பாதி அரிவாளும், துருப்பிடித்த ஓர் இரும்பு உருண்டையும் கொண்டுவந்தேன். உருண்டை பீரங்கியில் போட்டது என்று நைனாவுக்கு விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அதை மாட்டுக்கொட்டகைக் கதவுக்கு முட்டாக வைத்தார்.

அக்கா தொண்டூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மல்லாட்டை, அதாவது கடலை, பிடுங்க ஆள் போதாது என்று அம்மா சொல்லியனுப்பியதால் வந்திருந்தாள். சிங்கவரம் போகும் வழியில் எங்கள் புன்செய்க் கொல்லை. ஒருநாள் சாயங்காலம் கொல்லையிலிருந்து வந்தவள் என்னை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"டேய், உன் மிஷினு தங்கத்தக் காட்டும்னு சொன்னியே, நெசமா?"

"எந்தத் தங்கமா இருந்தாலும் காட்டும்."

"தொவரங்கொட்ட சைசுக்கு?"

"சைசு முக்கியம் இல்லக்கா. சயின்ஸ்தான் முக்கியம்."

செடியைக் குனிந்து பிடுங்கும்போது தாலிக்கயிறு அறுந்திருக்கிறது. தாலியும் ஒரு தங்கக் குண்டும் கையோடு வந்தன. இன்னொரு குண்டு மண்ணில் உருண்டுவிட்டது. மஞ்சள் கயிற்றில் தாலியை மட்டும் கோத்துக் கட்டி, முந்தானையால் கழுத்தை மூடியிருந்தாள். குண்டு இரண்டும் மாமியார் போட்டவை. வெள்ளிக்கிழமை சந்தைக்கு வரும் மாமா, அக்காவின் வீட்டுக்காரர், அவளை அழைத்துக்கொண்டு போவதாக இருந்தது.

"வூட்டுக்குள்ள கால் வெச்சதும் எங்க மாமியா கண்ணு நேரா கழுத்துக்குத்தான் வரும். அம்மாகிட்டகூடச் சொல்லாத. உன்ன நம்பித்தான் சொல்றேன்."

மறுநாள் காலையில் கொல்லைக்குப் போனோம். நான் கையை நீட்டினேன். "மொதல்ல மிஷினுக்குக் குண்டோட சத்தம் பழக்கமாவணும். அந்த இன்னொண்ணக் குடு."

"இருக்கறதும் பூடும்டா."

"நான் இன்னா கொழந்தையாக்கா?"

குண்டை ஒரு விரல் ஆழத்தில் அழுத்தி மண்ணைச் சமப்படுத்தினேன். அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டிருக்கலாம். அது பரீட்சையில் காப்பி அடிப்பது போலத் தோன்றியது. சோதனை என்றால் நேர்மையாக இருக்க வேண்டும் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுக்கூடச் சுற்றினேன். பிறகு சல்லடைச் சுருளைத் தூக்கிக்கொண்டு தேடத் தொடங்கினேன்.

"கேக்குதா?" என்றாள் வரப்பிலிருந்து.

"கேக்குது, கேக்குது." கேட்டது, ஏதோ ஸ்டேஷனில் யாரோ மண்வளம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

வெயில் ஏறியது. கொல்லை முழுக்க ஒரே மாதிரி மண். நான் எந்த இடத்தில் நேர்மையாக இருந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அக்காவுக்குப் புரிய நேரமாகவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வரப்பில் உட்கார்ந்து மஞ்சள் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குத்தான் அந்த விளையாட்டுச் சாமான் பக்கத்தைப் படித்தேன், டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு. துவரை அளவு குண்டைச் சல்லடை அளவு சுருளால் தேடுவது, ஏரியில் ஒரு மிளகைப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று கரையில் நின்று பார்ப்பது போல. சின்னப் பொருளுக்குச் சின்னச் சுருள்தான் வேண்டும். மண்ணை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். பாதி கொட்டாங்குச்சியின் விளிம்பைத் தேய்த்து, எரிந்துபோன டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பி எடுத்து அதில் சுற்றினேன். ஈரத் தழை பட்டாலும் விசில் மாறித் தொலைத்தது. அதைத் தடுக்கச் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுருள்மேல் சுற்ற வேண்டும், ஆனால் தாளின் இரண்டு முனைகளும் தொடக் கூடாது, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும் என்று எழுதியிருந்தது. இடைவெளி விட்டால் அரைகுறை வேலையாகத் தெரியுமே என்று நான் முழுக்கச் சுற்றி அழகாக மூடினேன். மிஷின் ஊமையாகிவிட்டது. வளையமாக மூடிக்கொண்ட தாள் சுருளின் வேலையையெல்லாம் தானே விழுங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்துத் தாளைக் கிழித்தபோது வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அக்காவோடு கொல்லைக்குப் போனால் அங்கே ஒரு கூட்டம். பிடுங்கி முடித்த கொல்லையில், மண்ணில் தங்கிப்போன காயை யார் வேண்டுமானாலும் வந்து கிளறிப் பொறுக்கலாம். அது எங்கள் பக்கத்து வழக்கம். போ என்று சொல்ல முடியாது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் களைக்கொத்தோடு குந்தியிருந்தார்கள்.

"இன்னா தம்பி, மல்லாட்டைக்குப் பாட்டு போட்டுக் காட்றியா?"

"மண்ணு டெஸ்டு பண்றேன்" என்றேன். சுருளை மண்ணில் வைத்ததும் ரேடியோ வீறிட்டது. தோண்டப் போனால் அங்கே ஒரு பெண்ணின் கால். நகர்ந்தேன். மறுபடியும் வீறிட்டது. இன்னொரு கால். களைக்கொத்தையாவது தூரப் போடச் சொல்லலாம்; விரல்களில் இருந்த மெட்டியை என்ன செய்வது?

"கொஞ்ச நேரம் மெட்டியக் கழட்டி வெச்சிடுங்களேன்" என்றேன்.

கொல்லையே எழுந்து நின்றது. "கட்னவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ மெட்டியக் கழட்டச் சொல்றான் பாருடி, படிச்ச புள்ள!"

"உங்கக்காவக் கழட்டச் சொல்லு மொதல்ல!" என்று சொன்னபடி ஒரு பெரியம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். காற்றில் முந்தானை விலகியிருந்தது. பெரியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அடியே, குண்டு எங்கடி?"

அக்கா மண்ணைக் காட்டினாள்.

"எல்லாம் களக்கொத்த எடுத்துக்கினு பாறமேல ஏறுங்கடி" என்றாள் பெரியம்மா. கொல்லை ஓரத்துப் பாறைமேல் அத்தனை பேரும் ஏறிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். கீழே நான், ஒரு கையில் கொட்டாங்குச்சி, மறு கையில் ரேடியோ, முட்டிபோட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, அங்க ஓர் எடம் உட்டுட்ட!"

"எஸ்.எஸ்.எல்.சி. படிச்சா இப்டித்தான் தவழணுமா? எம்புள்ள அஞ்சாவதோட நிக்கட்டும்பா."

விசில் லேசாக மேலேறியது. பின்னால் போனேன், இறங்கியது. முன்னால் வந்தேன், ஏறியது. விரலால் மண்ணைத் தள்ளினேன். குண்டு. பாறையே கூச்சல் போட்டது. அக்கா ஓடிவந்து வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"இது எதுடா? நான் தொலச்சதா, நீ தொலச்சதா?"

எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்: இத்தனை பாடுபட்டு, அக்கா என்னிடம் வருவதற்கு முன் எந்த நிலைமையில் இருந்தாளோ அங்கே கொண்டுவந்து அவளை நிறுத்தியிருந்தேன்.

அப்போது வரப்போரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மாமா வந்தார். வெள்ளை வேட்டி, ஹேண்டில்பாரில் சந்தைப் பை.

"இன்னா, எல்லாரும் மேல ஏறிக் குந்திக்கினு கீறீங்க?"

அக்காதான் சொன்னாள், முந்தானையை இழுத்து மூடாமல். "குண்டு ரெண்டும் வுழுந்துடுச்சு. ஒண்ணு கெடச்சுது. இன்னொண்ணு மண்ணுலதான் கீது." எப்படி விழுந்தது என்று சொல்லவில்லை. அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை.

மாமா அவள் கழுத்தைப் பார்த்தார். பிறகு முட்டிபோட்டிருந்த என்னைப் பார்த்தார்.

"அது இன்னா மச்சான் கையில, கொட்டாங்குச்சி?"

சொன்னேன். சுருள், டிரான்சிஸ்டர், விசில், எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"தங்கம்னா ரேடியோலயே கேக்குமா? எங்க, குடு."

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முட்டிபோட்டார். உடனே ரேடியோ அலறியது. "வாட்ச்ச கழட்டுங்க மாமா" என்றேன். கல்யாணத்துக்கு நாங்கள் போட்ட வாட்ச். தூங்கும்போதுகூடக் கழட்டாதவர் என்று கேள்வி. கழட்டி அக்காவிடம் நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

முதலில் ஓர் ஆணி கிடைத்தது. ஆணிக்கே அவர் துள்ளினார். அடுத்தது சோடா மூடி. சந்தை மறந்துபோனது. வேட்டி மண் நிறத்துக்கு வந்துவிட்டது. "இரு, இரு, ரேடியோவ கிட்டப் புடி மச்சான்" என்று அதட்டினார். பிடித்தேன். விசில் ஏறியது. மண்ணை ஊதி ஊதி விலக்கி, துவரை அளவில் மின்னியதை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அக்கா அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். "உங்கம்மா கேட்டா?" என்றாள்.

"கேட்டா இன்னா? தொலஞ்சுது, நான் எடுத்தேன். வேற இன்னா வேணும் அதுக்கு?"

அப்படித்தான் தன் அம்மாவிடம் சொன்னார். பிறகு ஊருக்கும் சொன்னார். சொல்லச் சொல்ல விஷயம் வளர்ந்தது. போன வருஷம் அவர் ஊர்க் கல்யாணம் ஒன்றில் என் பக்கத்து இலைக்காரர், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், மாமாவைக் காட்டி என்னிடம் சொன்னார்: "கொட்டாங்குச்சில கம்பி சுத்தியே தங்கம் எடுத்தவரு. பள்ளிக்கூடம்கூடப் போனதில்ல. நீங்க இன்னா, அன்னிக்கு அங்க இருந்தீங்களா?"

இருந்தேன் என்றேன், ரேடியோவைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றேன்.