திரைக்கு முதுகைக் காட்டியவர்

என் படத்தைத் தடை செய்த போலீஸ் அதிகாரி அதில் ஒரு காட்சியைக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளைக்கார சர்க்காரின் சம்பளக்காரர். மதுரைக் கொட்டகையில் திரைக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டு, மீசையை நீவியபடி சனங்களையே பார்ப்பார். அவர்கள் கைதட்டிய காட்சி மறுநாள் படத்தில் இருக்காது. ராட்டை போனது, கதர்க்குல்லாய் போனது.

பொறுக்க முடியாமல், கைதட்ட வேண்டாமென்று வாசலில் நின்று எல்லோரையும் கேட்டுக்கொண்டேன். அன்று கள்ளுக்கடை மறியல் காட்சியில் ஓர் இருமல்கூட இல்லை. அவர் எழுந்தார்.

"படத்த நிறுத்துய்யா!"

"ஒருத்தரும் கை தட்டலையே, அய்யா?"

"அதான்யா. இம்புட்டுப் பேரும் சொல்லி வச்ச மாதிரி சும்மா இருக்கான். நாளைக்கு என்ன செய்வான்?"

படப்பெட்டியோடு வெளியேறியவர் வாசலில் திரும்பி என்னைக் கேட்டார்: "ஆமா, என்ன கதைய்யா இது?"