இனி வளர மாட்டாள்

இண்டைக்கு நடந்ததை எழுதாமல் இருக்க ஏலாது.

பின்னேரம் வதனா அக்கா வீட்டை போனனான். அவவின்ர மகள் துளசி இங்க ஜேர்மனியில, டோட்முண்டில பள்ளிக்கூடத்தில கடைசி வருசம். பாஸ்கெட்போல் எண்டால் உயிர். உயரம் ஒரு மீட்டர் எண்பத்தாறு.

"இந்த உயரத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்கை போறது" எண்டு அக்காவிட்டை வருசக்கணக்காச் சொல்லுற ஆக்களில நானும் ஒராள். "கொஞ்சம் குனிஞ்சு நட பிள்ளை" எண்டும் சொல்லியிருக்கிறன்.

போனால், மேசையில லப்டொப். அதுக்குள்ள அமெரிக்காவில ஒரு கல்லூரி அணியைப் பழக்கிற மனிசி. துளசியைத் தங்கட அணிக்கு எடுக்கப் போகினமாம். நாலு வருசப் படிப்பு, அறை, சாப்பாடு எல்லாம் அவையின்ர பொறுப்பாம்.

நானும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அக்காவுக்குப் பக்கத்தில இருந்தன்.

கடைசியா அந்த மனிசி கேட்டா, "இவ இன்னும் வளருவாவோ?"

துளசி தமிழில சொன்ன உடனை அக்கா பதறிப்போனா. "ஐயோ இல்லை, பயப்பிட வேண்டாம் எண்டு சொல்லு. இனி வளர மாட்டாள். டொக்டரே சொன்னவர்."

நானும் பக்கத்தில இருந்து தலையாட்டினன்.

துளசி எங்கள் ரெண்டு பேரையும் ஒருக்காப் பார்த்திட்டு, அதை அப்பிடியே ஆங்கிலத்தில சொன்னாள்.

அந்த மனிசியின்ர முகம் வாடிப்போச்சு. பிறகு, "பரவாயில்லை, இந்த உயரம் காணும்" எண்டா.

இந்தப் பிள்ளை இனி வளராது எண்டு கவலைப்பட்ட ஒராளை நான் இண்டைக்குத்தான் கண்டன்.

துளசியிட்டை மன்னிப்புக் கேக்க வேணும். எப்பிடித் தொடங்கிறது எண்டு தெரிஞ்ச ஆக்கள் கீழ எழுதுங்கோ. அண்ணாந்து பார்த்துத்தான் கேக்கோணும், அதுவும் தெரியும்.