எத்தனை இறக்கினீங்க, அங்கிள்?

அப்பா இந்தியாவில் போர் விமானியாக இருந்தவர். சண்டையில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திப் பதக்கம் வாங்கியவர். இப்போது சிங்கப்பூரில், பொங்கோல் வீட்டில் என்னோடு இருக்கிறார், மறதி நோயில், நான் யாரென்று தெரியாமல்.

சாப்பாட்டு வேளை வந்தாலே போராட்டம்தான். தட்டை வைத்தால் தள்ளிவிடுவார். "அப்புறம்" என்பார். தேக்கா சந்தையிலிருந்து இடியாப்பம் வாங்கிவந்து பார்த்தேன், ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து பார்த்தேன். ம்ஹூம். எடை இன்னும் குறைந்தால் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்கும் போய், இவரோடும் மல்லுக்கட்டி, எனக்கு அலுத்துவிட்டது. குழாயையே போட்டுத் தொலையுங்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

தீபாவளிக்கு என் ஆபீஸ் நண்பர் ஒருவர் வந்தார். வருகிற எல்லோரும் கேட்பதைத்தான் அவரும் கேட்டார்.

"அங்கிள், எத்தனை பிளேன் இறக்கினீங்க?"

அப்பா விரலை மடக்கினார். "மூணு இறங்கிடுச்சு. நாலாவது இன்னும் இறங்கல."

"சூப்பர் லா, அங்கிள்!" என்று அவர் கைதட்டினார். நானும் சிரித்துவைத்தேன். பிறகு தட்டை நகர்த்தி, "சாப்பிடுங்கப்பா" என்றேன்.

"அவன் வரட்டும். அவன் வராம மெஸ்ல எப்படி உக்கார்றது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் கேட்டது அவர் வீழ்த்தியதை. அவர் சொன்னது தரையிறங்கியதை, தன் கூட்டாளிகளின் விமானங்களை! நான்கு பேராகப் பறக்கப் போனால் நான்கு பேரும் திரும்பிய பிறகுதான் சோற்றில் கை வைப்பார்களாம், அம்மா சொல்லியிருக்கிறாள். அதில் ஒருவர் திரும்பவேயில்லை என்பதையும் அவள்தான் சொன்னாள். பாவி மனிதர், இன்னும் அவருக்காகப் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்.

நண்பர் போனதும் இன்னொரு தட்டு எடுத்துவந்தேன். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து எனக்கும் பரிமாறிக்கொண்டேன். "நாலாவதும் இறங்கிடுச்சு சார்" என்றேன். அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். நான் என் தட்டைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாப்பிடுடா" என்றார். "ஏன்டா இவ்வளவு லேட்டு?"