உமாபதி வாத்தியாரின் வட்டம்

கயிற்றின் ஒரு நுனியை ரேடியோ வைத்த முக்காலியின் காலில் கட்டி, மறு நுனியில் சாக்கட்டியை முடிந்துகொண்டு, வேட்டியைத் தூக்கிச் செருகியபடி உமாபதி வாத்தியார் குனிந்த வாக்கில் ஐந்தாம் வகுப்பறையைச் சுற்றி வருகிறார். பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள். வட்டம் முடிந்ததும் எல்லாரும் அந்தக் கோட்டின் மேல் உட்கார வேண்டும். ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தாலும் பிரம்பு பேசும்.

வாரம் ஒருமுறை, பள்ளி ஒலிபரப்பு வரும் நாளில், இந்தக் கூத்து தவறாது. ரேடியோவைப் பள்ளிக்குத் தானமாகக் கொடுத்தவர் ஒரு பட்டு ஜவுளி முதலாளி. முதல் நாள் அவருடைய பேரனும் கூட்டாளிகளும் ரேடியோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். நெசவுக்காரப் பிள்ளைகள் கடைசியில் நின்று எட்டிப் பார்த்தார்கள். வாத்தியாருக்கு வந்ததே கோபம். "வூட்ல ரேடியோ வெச்சிருக்கிறவன் முன்னாடி, இல்லாதவன் பின்னாடியா? நல்லா இருக்குதுபா நியாயம்!" என்றார். மறு வாரமே கயிறு வந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே தூரம். ரேடியோவுக்கு முகம் ஒரு பக்கம்தானே இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். அதற்கும் வழி கண்டுபிடித்தார். வாரத்துக்கு ஒரு திசையாக அதைத் திருப்பி வைக்கிறார், உற்சவ மூர்த்தியைப் போல.

ரேடியோவுக்கு அவர் செய்யும் உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. பட்டுத்துணி உறையை விலக்கி, தோள் துண்டால் துடைத்து, குமிழைத் திருகிவிட்டு, அது சூடேறும் வரை கைகட்டி நிற்பார். "பேசுபா, பேசு. பசங்க காத்துக்கினு இருக்குது" என்று மெதுவாகக் கெஞ்சுவார். அது பேசத் தொடங்கிவிட்டால் அறைக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தலைமையாசிரியர் வந்தாலும் வாசலில் சைகைதான்.

இன்னொரு கிறுக்கும் அவருக்கு உண்டு. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்ட மாட்டார். காட்டினால் காகித அம்பு பறக்கும் என்று பயம். முகத்தை வகுப்பின் பக்கமே வைத்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டிக் கரும்பலகையில் எழுதுவார். எழுத்தெல்லாம் குடித்துவிட்டு வந்ததுபோல் சரிந்து கிடக்கும். பேச்சு மட்டும் நிற்காது.

அந்த வகுப்பில் முதல் மார்க்கு எப்போதும் வடிவுக்குத்தான். நெசவு செய்யும் தனசேகரனின் மகள். ஆனால் ரேடியோப் பாடத்தில் மாதச் சோதனை வைக்க ஆரம்பித்ததும் அவள் தலைகுப்புற விழுந்தாள். முட்டை, அதன்மேல் இன்னொரு முட்டை. "கவனம் எங்கம்மா போச்சு?" என்று வாத்தியார் கடிந்துகொண்டார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தனசேகரனுக்கோ இதுவே சாக்காகிவிட்டது. கரையைத் தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு, கரைப் பக்கம் நூல் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். படிப்பு ஏறாத பெண் பள்ளியில் என்ன செய்கிறாள், தறிக்கு வரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வாத்தியார் சண்டை போடுவதற்கென்றே அவர் வீட்டுக்குப் போனார். உள்ளே மூன்று தறிகள் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் தனசேகரன் மகளைப் பார்த்து உதட்டை அசைத்தார், அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இதில் வாத்தியாருக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவரும் நெசவுக்கார வீட்டில் வளர்ந்தவர்தான், தறி ஓடும்போது அங்கே யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பிறகு விருந்தாளிக்காகத் தறிகளை நிறுத்தினார்கள். வீடு அமைதியானது. செம்பை வைக்கத் திரும்பிய வடிவை வாத்தியார் பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பவில்லை. வகுப்பை அதட்டும் குரலில் கூப்பிட்டார். அப்போதும் திரும்பவில்லை.

"இன்னா வாத்தியாரே, வூட்ல நல்லாத்தானே பேசிக்கினு இருக்குது?" என்றார் தனசேகரன். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

இத்தனை நாளும் அவள் காதால் படிக்கவில்லை, வாத்தியாரின் உதட்டைப் பார்த்துப் படித்திருக்கிறாள். அவருடைய முதுகு காட்டாத கிறுக்குதான் அவளை முதல் மார்க்கு வாங்க வைத்திருக்கிறது. ரேடியோவுக்கு உதடு ஏது? எல்லாருக்கும் ஒரே தூரம் என்று பெருமையடித்த மனுஷருக்கு அன்று சோறு இறங்கவில்லை. பாவி, குழந்தையைத் திட்டினோமே என்று தன்னையே வைதுகொண்டார். அடுத்த சோதனை வரையிலாவது பொறுக்கும்படி தனசேகரனிடம் கேட்டுப் பார்த்தார். அவர் பிடிகொடுக்கவில்லை. காதும் கேட்காது என்று ஆன பிறகு பள்ளி எதற்கு என்று கேட்டார்.

மறு வாரம் வட்டத்தில் ஒரு மாற்றம். அப்பா பேச்சைக் கேட்காமல் பள்ளிக்கு ஓடிவந்திருந்த வடிவு எதிரில் இருக்கும்படி, ரேடியோவுக்குப் பக்கத்தில் வாத்தியாரே நின்றுகொண்டார். அது பேசப் பேச, சத்தமில்லாமல் அதே வார்த்தைகளுக்கு உதட்டை அசைத்தார். அரை வாக்கியம் பின்தங்கி, மூச்சுவாங்கி, வியர்த்து வழிந்து. பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதலாளியின் பேரன் மட்டும் ஒலிபரப்பு முடிந்ததும் எழுந்து நியாயம் கேட்டான்.

"அவளுக்கு மட்டும் ரெண்டு வாத்தியாரா சார்?"

"உனக்கு ரெண்டு காது இருக்குதுல்ல? சரியாப் போச்சு, குந்து" என்றார்.

இந்த வாரம் தனசேகரனே வந்துவிட்டார், மகளைக் கையோடு அழைத்துப்போக. வாசலில் அவரைப் பார்த்தும் வாத்தியார் நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஒரு வரி போய்விடும். கையை மட்டும் நீட்டி, இருக்கச் சொன்னார். ரேடியோவில் மழை எப்படிப் பெய்கிறது என்று யாரோ விளக்கிக்கொண்டிருந்தார்கள். தனசேகரன் வாத்தியாரின் உதட்டைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். மறுபடி உதட்டைப் பார்த்தார். சிறிது நேரம் கழித்துச் செருப்பை வெளியே விட்டுவிட்டு, வட்டத்துக்கு அப்பால் மகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து ரேடியோ கரகரவென்று இரையத் தொடங்கியது. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வடிவு ஒன்றும் புரியாமல் வாத்தியாரைப் பார்த்தாள்.

வாத்தியார் ஒரு கணம் யோசித்தார். பிறகு கன்னத்தை உப்பவைத்து, இரண்டு உதடும் படபடவென்று அடித்துக்கொள்ளும்படி ஊதி, அந்தக் கரகரப்பையும் அவளுக்கு ஒன்று விடாமல் சொன்னார்.